சித்திரையில் எழுதிய மழைக் கவிதை

நான் மரக்காணம் உப்பளத்தில் வேலை செய்கிறேன். கவிதை எழுதுகிற கிறுக்கும் உண்டு. போன சித்திரையில் வெயில் தாங்காமல், மழையை வா வா என்று அழைத்து ஒரு கவிதை எழுதி, கூட வேலை செய்யும் பெண்களின் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். மறுநாளே கொட்டித் தீர்த்தது. பாத்தியில் விளைந்திருந்த உப்பெல்லாம் கரைந்து, எல்லோருக்கும் வேலை நின்றுபோனது.

"வாய வச்சிட்டியேடி! இப்ப அடுப்பு எப்டி எரியும்?" என்று பக்கத்துப் பாத்தியில் வேலை செய்யும் செல்வி அக்கா கத்தினார்.

மழைக்கு நான் காரணமில்லைதான். ஆனாலும் சுருக்கென்றது. படித்த கவிதைகளில் மழை அழகாக இருந்ததால் நானும் அப்படியே எழுதியிருந்தேன். காலடியில் கிடந்த உப்பை நினைக்கவே இல்லை.

அன்றே, கரைந்த உப்பையும் அக்காவின் கோபத்தையும் எழுதினேன். பயந்துகொண்டே அவரிடம் படித்துக் காட்டினேன்.

"இன்னொரு வாட்டி படி," என்றார். பிறகு, "இத போடு குரூப்புல."

இப்போது எதை எழுதினாலும் முதலில் செல்வி அக்காவிடம்தான் படிக்கிறேன். மழையைப் பற்றியும் எழுதுகிறேன், உப்பு வேலை இல்லாத ஐப்பசியில் மட்டும்.