பயற்றங்கொடிக்குத் தெளித்த மருந்து

செல்வமணி அதுவரை ஒரு கீரைத்தண்டுகூட வளர்த்ததில்லை. சிவகாசிப் பக்கம் தீப்பெட்டி ஒட்டி வளர்ந்தவள். கல்யாணமாகித் திருவனந்தபுரம் வந்தபிறகு தம்பானூரில் ஒரு லாட்ஜில் அறைகளைப் பெருக்கித் துடைக்கும் வேலை. புருஷன் சுடலைக்கண்ணு ஓட்டலில் பரோட்டா போடுகிறவர். கரமனையில் அவர்கள் குடியிருந்த ஓட்டுவீட்டின் பின்னால் கொஞ்சம் இடம் சும்மா கிடந்தது. 2002 பிப்ரவரியில், கிருஷி பவன் என்ற விவசாய அலுவலகத்தில் விதை தருகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய் வாங்கி வந்தாள்.

முதலில் போட்ட வெண்டை முளைக்கவேயில்லை. விரல் நீளத்துக்குக் குழி தோண்டிப் புதைத்திருந்தாள். அடுத்த தடவை மேலாக ஊன்றினாள், முளைத்தது. ஏப்ரல் வெயிலில் கிணறு சேறு காட்டியபோது, அரிசி கழுவிய தண்ணீரையும் துணி அலசிய தண்ணீரையும் சுமந்துபோய் ஊற்றினாள். மே பிறந்ததும் நீளப்பயறு பந்தலேறிக் காய்விட்டது. லாட்ஜுக்குப் போகும் அவசரத்திலும் எத்தனை காய் என்று எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் போவாள்.

ஒருநாள் காலையில் தண்டெல்லாம் கறுப்புச் செடிப்பேன் மொய்த்திருந்தது. அழுகை வந்தது. லாட்ஜில் மூட்டைப்பூச்சிக்கு அடிக்கும் மருந்து ஞாபகத்துக்கு வந்தது. யாரும் பார்க்காதபோது சாமான் அறையிலிருந்த தகரடப்பாவைச் சாய்த்து, காலி இருமல்மருந்துக் குப்பியில் பாதி எடுத்துக்கொண்டாள். அன்று சாயங்காலம் அதைத் தண்ணீரில் கலந்து, துடைப்பத்தைத் தோய்த்துத் தோய்த்துக் கொடி முழுக்கத் தெளித்தாள்.

மறுநாள் இரண்டு மணிக்கு வேலை முடிந்து வந்தபோது, அதே வீட்டின் மறுபாதியில் குடியிருந்த நாச்சியார் கிண்ணத்தோடு வாசலில் நின்றாள்.

"ஏட்டி, ஒம் பயறுதான். நல்லா முத்திக் கெடந்துது, ரெண்டு கை பறிச்சேன். தேங்கா போட்டு தோரன் வச்சேன். சுஜா ரெண்டு தடவ வாங்கித் தின்னா."

சுஜா நாச்சியாரின் மருமகள். ஏழு மாதம்.

செல்வமணிக்கு முந்தினநாள் தெளித்த மருந்து ஞாபகம் வந்தது. பேசாமல் இருந்துவிட்டால் யாருக்குத் தெரியும்? ஒன்றும் ஆகாமல்கூடப் போகலாம். கிண்ணத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். சுவருக்கு அந்தப்பக்கம் சுஜாவின் குரல் கேட்டது: "அத்தே, தலை சுத்துது. குடிக்கக் கொஞ்சம் வெள்ளம் தாங்கோ."

கதவைத் திறந்து ஓடினாள்.

"அக்கா, நேத்து மருந்தடிச்சிருந்தேன். வெசமருந்து. நான் சொல்லாம விட்டுட்டேன்."

நாச்சியார் அறையவில்லை, திட்டவில்லை. அவள் முகம் வெளுத்ததைப் பார்க்கத்தான் செல்வமணியால் முடியவில்லை. மூன்று பேரும் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி: "மருந்தின்டெ பேரெந்தா?"

பெயர் தெரியாது. குப்பியில் இருமல்மருந்தின் பெயர்தான் ஒட்டியிருந்தது.

"பேரில்லாம நான் என்ன செய்யும்? டப்பா கொண்டு வா. வேகம்."

தம்பானூர்வரை அதே ஆட்டோ. வழியெல்லாம் சுஜாவின் வயிறுதான் கண்முன் நின்றது. லாட்ஜ் மானேஜர் அருமைநாயகம் கணக்குநோட்டிலிருந்து தலையைத் தூக்கினார். மூச்சிரைக்க எல்லாவற்றையும் சொன்னாள், தான் திருடியதையும்.

அருமைநாயகம் எழுந்து சாமான் அறைக்குப் போனார். டப்பாவோடு திரும்பியவர் அதைக் கொடுக்காமல் பிடித்துக்கொண்டார்.

"போலீஸ் கேஸ் ஆயிருமா? ரூமுக்குள்ள இத அடிக்கக்கூடாதுன்னு இதுலயே எழுதியிருக்கு. லாட்ஜ் பேரு எங்கயும் வரப்படாது, கேட்டியா?"

"வராது சார். தாங்க சார்."

"சத்தியம் பண்ணு."

"எம் புருஷன் மேல சத்தியம். அங்க ஒரு வயித்துப்புள்ளக்காரி கெடக்கா சார்!"

கையிலிருந்து பிடுங்கிக்கொண்டுதான் ஓடினாள்.

டாக்டரம்மா டப்பாவில் இருந்ததை வாசித்தார். சுஜாவின் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார், நாடி பார்த்தார், ரத்தம் எடுக்கச் சொன்னார். கழுவி வேகவைத்ததால் பெரும்பகுதி போயிருக்கும், தலைசுற்றல் வெயிலால்கூட இருக்கலாம், இரண்டு நாள் இங்கேயே இருக்கட்டும் என்றார். குழந்தைக்கு ஒன்றுமில்லையே என்று நாச்சியார் கேட்டதும், சுஜாவின் வயிற்றில் குழாயை வைத்துக் கேட்டார். "இப்போ நெஞ்சு நல்லா அடிக்குது. பாப்போம்" என்றார்.

அந்தப் 'பாப்போம்' செல்வமணியை இரண்டு மாதம் தூங்கவிடவில்லை. சுஜா நலமாக வீடு திரும்பியபின்னும், சுவருக்கு அப்பால் ஒரு முனகல் கேட்டால் எழுந்து உட்கார்ந்துவிடுவாள். ஆஸ்பத்திரிக்குப் போன மறுநாளே பயற்றங்கொடியைப் பிடுங்கி ஆழக் குழிதோண்டி மூடினாள். வெண்டை தப்பியது, அதன் பக்கம் மருந்து போகவில்லை. ஆனாலும் ஒரு காய் பறிக்கவில்லை, முற்றிக் காய்ந்து வெடிக்க விட்டுவிட்டாள். அருமைநாயகம் அவளை வேலையைவிட்டு நிறுத்தவில்லை. சாமான் அறைக்குப் பூட்டுமட்டும் வந்தது.

ஜூலையில், மழை கொட்டிய ஒரு மத்தியானத்தில், பெண் குழந்தை பிறந்தது. செல்வமணி ஆஸ்பத்திரிக்குப் போனாள். கட்டிலுக்குப் பக்கத்தில் போகாமல் கதவோரம் நின்றாள்.

"என்ன அங்க நிக்குதீங்க சேச்சி? வந்து எடுங்க" என்றாள் சுஜா.

செல்வமணி குழந்தையைத் தூக்கி, துணியை விலக்கிக் கைவிரலையும் கால்விரலையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். குழந்தை கண்ணைத் திறந்து அவளைப் பார்த்து வீறிட்டது. அந்தச் சத்தம் கேட்டுத்தான் செல்வமணி அழுதாள்.

ஆவணியில் மறுபடி பயறு ஊன்றினாள். பேன் வந்தது. வேலைக்குப் போகுமுன் பந்தலடியில் நின்று, ஈரத்துணியால் ஒவ்வொரு தண்டாகத் துடைத்தாள்.