வாயாடி உதறிய சட்டை

என் தம்பி பெண்டாட்டிக்கு வாயாடி என்று பெயர் வைத்தது நான்தான். கல்யாணமாகி வந்த அன்றே என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணி, உங்க தம்பி ஒரு நாளைக்கு எத்தனை வார்த்தை பேசுவாரு? இப்பவே சொல்லிடுங்க, மிச்சத்தை நான் பேசிக்கறேன்" என்றாள். வந்ததும் வராததுமாக இவ்வளவு வாயா என்று கோபமாகவும் இருந்தது, சிரிப்பையும் அடக்க முடியவில்லை. அதற்கப்புறம் நான் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. அவளும் வாயாடி என்றால்தான் திரும்பிப் பார்ப்பாள்.

அவளைப் பற்றி யாரும் எழுதப்போவதில்லை. எழுதும்படி என்ன செய்துவிட்டாள்? சமைத்தாள், துவைத்தாள், ஒரு பெண்ணைப் பெற்று வளர்த்தாள், ஓயாமல் பேசினாள். அதனால்தான் நான் சொல்கிறேன். கேட்கப் பொறுமை இல்லாதவர்கள் எழுந்து போகலாம்.

எனக்கும் தம்பிக்கும் ஒரே இடத்தில் வேலை. பழைய சோப்புத் தொழிற்சாலையை வெள்ளையடித்து, கலைஞர்கள் வந்து தங்கி வேலை செய்யும் இடமாக மாற்றியிருந்தார்கள். ஒரு பக்கம் கண்ணாடியை உருக்கி அச்சில் வார்க்கிறவர்கள். இன்னொரு பக்கம், கேமரா வந்த புதிதில் எடுத்த மாதிரி, மருந்து தடவிய கண்ணாடித் தகட்டில் படம் எடுக்கிறவர்கள். வருவார்கள், சில வாரம் தங்குவார்கள், போய்விடுவார்கள். அவர்களுக்குச் சமைத்துப் போடுவது நான். வார்க்கிறவர்களுக்கு அச்சு மாவு கலந்து கொடுப்பது தம்பி.

அச்சு மாவு என்றால் பிளாஸ்டர் பொடியும், கல்லை மைய அரைத்த பொடியும். முகமோ கையோ மெழுகில் செய்து, அதைச் சுற்றி இந்த மாவைக் கரைத்து ஊற்றி இறுக விடுவார்கள். மெழுகை உருக்கி வெளியேற்றினால் உள்ளே கிடைக்கிற பள்ளத்தில் கண்ணாடித் துண்டுகளைப் போட்டுச் சூளையில் வைப்பார்கள். மூட்டையைப் பிரித்துக் கொட்டும்போது கொட்டகை முழுக்க ஒரே வெள்ளையாகிவிடும். "டேய், மூக்கைக் கட்டுடா! நுரையீரல் போச்சுன்னா கடையிலயா வாங்குவே?" என்று நான் கத்திய கத்தலில் நிர்வாகமே நல்ல முகமூடி வாங்கிக் கொடுத்தது. தம்பி சொன்னால் கேட்பவன். அது இல்லாமல் கொட்டகைக்குள் கால் வைத்ததில்லை. வாயாடி அந்தக் கொட்டகையை எட்டிக்கூடப் பார்த்ததில்லை.

சாயங்காலம் அவன் வீட்டுக்குப் போகும்போது தலை முதல் கால் வரை வெள்ளையாக இருப்பான். "வாங்க வாங்க, இன்னைக்கு எந்தப் பரணையில இருந்து இறக்கினாங்க?" என்று கேட்டபடி சட்டையை வாங்குவாள். அந்தத் துணியை அப்படியே தண்ணீரில் போட முடியாது. போட்டால் மாவு இறுகி, சட்டை பலகையாகிவிடும். முதலில் காய்ந்த துணியாகவே உதற வேண்டும். வாசலில் நின்று படார் படார் என்று உதறுவாள். எதிர்வீட்டுக்காரி, காயப்போட்ட துணியெல்லாம் பாழாகிறது என்று ஒரு நாள் சண்டைக்கு வந்தாள். வாயாடி அவளிடம் வாய் கொடுத்திருக்கலாம், ஜெயித்தும் இருப்பாள். ஆனால், "அவங்க சொல்றதும் நியாயந்தானே அண்ணி" என்று சொல்லிவிட்டு, மறுநாளிலிருந்து கதவைச் சாத்திக்கொண்டு, வாசலுக்கும் சமையலறைக்கும் நடுவில் இருந்த அந்தச் சின்ன நடையில் நின்று உதற ஆரம்பித்தாள். எத்தனையோ வருஷம் அப்படித்தான்.

இருமல் எப்போது வந்தது என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. ஒரு நாள் என்னிடம் பேசிக்கொண்டே வந்தவள் பாதியில் நின்று மூச்சு வாங்கிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். "என்னடி, தவணை முறையில பேசறே?" என்று கேலி செய்தேன். அவளும் சிரித்தாள்.

அந்தச் சமயத்தில்தான் படக்காரி ஒருத்தி வந்து தங்கியிருந்தாள். வேலை செய்கிறவர்களை அவரவர் வீட்டிலேயே வைத்துப் பழைய முறையில் எடுக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. பெட்டி மாதிரி கேமராவைத் தூக்கிக்கொண்டு தம்பி வீட்டுக்கு வந்தாள். நானும் கூடப் போயிருந்தேன்.

"பத்து எண்ணற வரைக்கும் அசையாம, பேசாம இருக்கணும்" என்றாள் படக்காரி.

"பேசாமலா? இவர் பல வருஷமா முயற்சி பண்ணியும் நடக்கலியே, நீங்க பத்து எண்ணி நடத்திடுவீங்களா?" என்றாள் வாயாடி.

நடக்கத்தான் இல்லை. பேச்சை அடக்கினாள், இருமலை அடக்க முடியவில்லை. தகடு தகடாகப் பாழானது. கடைசியில் படக்காரி, "சரி, விடுங்க. இந்த நேரத்துல வழக்கமா என்ன செய்வீங்களோ அதைச் செய்யுங்க" என்றாள். வாயாடி தம்பி சட்டையை எடுத்துக்கொண்டு, பழக்க தோஷம், கதவைச் சாத்தினாள். பக்கத்து ஜன்னல் வழியாக வெயில் நேராக அவள்மேல் விழுந்தது. உதறினாள், படக்காரியும் எடுத்தாள். தகட்டைக் கழுவிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். "ஆளே தெரியல, ஒரே புகையா இருக்கு" என்று பெட்டியில் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

அப்புறம் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்தோம். "என்ன வேலை பாக்கறீங்க?" என்று எல்லா டாக்டரும் கேட்டார்கள். "சும்மா வீட்லதாங்க இருக்கேன்" என்று எல்லாரிடமும் சொன்னாள். காசநோய் என்று மாத்திரை கொடுத்தார்கள், கேட்கவில்லை. பெரிய டாக்டர் ஒருவர், நெஞ்சு முழுக்கத் தழும்பாக இருக்கிறது, கல்குவாரியில் வேலை செய்தவர்களுக்குத்தான் இப்படி வரும் என்றார். தம்பி தன் வேலையைச் சொன்னதும் அவனையும் படம் எடுத்துப் பார்த்தார்கள். அவன் நெஞ்சு சுத்தமாக இருந்தது. மாவிலேயே கிடக்கிறவனுக்கு ஒன்றுமில்லை, வீட்டில் இருக்கிறவளுக்கு எப்படி வரும்? அந்தப் பேச்சு அத்தோடு நின்றுபோனது.

ஒரு வருஷத்துக்கு மேல் படுத்துக் கிடந்தாள். பக்கத்தில் ஆக்சிஜன் சிலிண்டர். முதலில் வாக்கியம் பாதியானது, பிறகு வார்த்தை வார்த்தையானது, பிறகு கையசைப்புதான். கடவுளே, அந்த வீடு அத்தனை அமைதியாக இருந்ததை என்னால் தாங்கவே முடியவில்லை. ஒரு நாள் என்னைக் கிட்ட வரச் சொல்லி, "அண்ணி... இப்ப... உங்க தம்பிதான்... வாயாடி" என்றாள். அவள் என்னிடம் சொன்ன கடைசி வேடிக்கை அதுதான். அந்த வாரமே போய்விட்டாள்.

அவள் போய்ச் சில மாதம் கழித்து, அங்கே தங்கிப்போன கலைஞர்கள் செய்ததையெல்லாம் கண்காட்சியாக வைத்தார்கள். கண்ணாடியில் வார்த்த முகங்கள் ஒரு மேஜை நிறைய. நான் டீ கொண்டுபோய்க்கொண்டிருந்தேன். சுவரில் அந்தப் படம் இருந்தது.

தம்பி வீட்டு நடை. செருப்பு, குழந்தையின் புத்தகப் பை, கதவுத் தாழ்ப்பாள், எல்லாம் தொட்டுப் பார்க்கலாம் போலத் தெளிவு. வாயாடியின் பாதம் தெளிவு, புடவைக் கரை தெளிவு. இடுப்புக்கு மேலே சட்டையும் இல்லை, கையும் இல்லை, வெறும் வெள்ளை. அந்த வெள்ளை நெஞ்சில் ஏறி, கழுத்தில் ஏறி, வாயையும் மூக்கையும் மூடியிருந்தது. அதற்கு மேலே கண் மட்டும் கொஞ்சம் தெரிந்தது.

படக்காரி பக்கத்தில் நின்றிருந்தாள். "இந்த வெள்ளை என்னம்மா?" என்று கேட்டேன்.

"சட்டை அசைஞ்சுக்கிட்டே இருந்ததால உருவமா பதியல. மிச்சமெல்லாம் தூசி. வெயில் பட்ட தூசி இதுல அப்படியே வெள்ளையா விழும்" என்றாள். "எடுத்தப்போ பாழாப்போச்சுன்னு நினைச்சேன். இப்போ பாருங்க, எல்லாரும் இதுகிட்டதான் வந்து நிக்கறாங்க."

டீத்தட்டை அந்த மேஜையிலேயே, கண்ணாடி முகங்களுக்கு நடுவில் வைத்துவிட்டு வெளியே வந்தேன். அவனுக்கு முகமூடி கட்டச் சொல்லிக் கத்தினோமே, அவன் கழற்றிக் கொடுத்த சட்டையைப் பற்றி ஒருத்தராவது யோசித்தோமா? படித்த டாக்டருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை, உதறிய அந்தப் பாவி மகளுக்கும் தோன்றவில்லை. தம்பியிடம் இதை எந்த வாயால் சொல்வது? சொல்லாமல்தான் எப்படி இருப்பது? கால் போன போக்கில் நடந்தவள் அவன் வீட்டு வாசலில் வந்து நின்றேன்.

கதவு சாத்தியிருந்தது. உள்ளே படார் படார் என்று சத்தம்.

கதவைத் தள்ளினேன். தம்பி மகள், முக்காலியின் மேல் ஏறி நின்று, அப்பன் சட்டையை இரண்டு கையாலும் பிடித்து உதறிக்கொண்டிருந்தாள். தலைமுடியெல்லாம் வெள்ளை, புருவமும் வெள்ளை. தம்பி கொல்லையில் குளித்துக்கொண்டிருந்தான், தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது.

"கதவைச் சாத்துங்க அத்தை, எதிர்வீட்டு அத்தை திட்டுவாங்க" என்றாள்.

சட்டையைப் பிடுங்கி எறிந்தேன். "யாருடி உன்னை இதைச் செய்யச் சொன்னது?"

"யாரும் சொல்லல. அம்மாவுக்கு முடியாமப்போனதுல இருந்து நான்தானே உதறறேன்" என்றாள், பெருமையாக.

அவளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினேன். முந்தானையால் அவள் மூக்கையும் வாயையும் துடைத்தேன். துடைக்கத் துடைக்க அவள் பேசிக்கொண்டே இருந்தாள், அம்மாவைப் போலவே. "ஏன் அத்தை அழறீங்க, நான் ஏதாவது தப்பு பண்ணிட்டேனா, சட்டையைக் கிழிச்சிட்டேனா?"

"ஒண்ணுமில்லடி கண்ணு. நீ பேசு. நிறுத்தாமப் பேசு" என்றேன்.

எதைப் பேசுவது என்று கேட்டாள். எதையாவது பேசு என்றேன். பள்ளிக்கூடத்தில் நடந்த ஏதோ ஒரு சண்டையைச் சொல்ல ஆரம்பித்தாள். யார் யாரை அடித்தார்கள் என்று எனக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை. அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். நடுவில் ஒரு தடவை நிறுத்தி மூச்சு வாங்கினாள். எல்லாக் குழந்தைகளும் வாங்குமே, வாங்காதா?