தாவிய கர்சரும் என் அக்காவும்

மச்சான் துபாயிலிருந்து கொண்டுவந்த பெட்டியில், குளியல் துண்டுக்குள் சுருட்டி வைத்திருந்த லேப்டாப்பை அக்கா இரண்டு கையாலும் வாங்கியது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. எங்கள் ஊர் லப்பைக்குடிக்காட்டில் அப்போது லேப்டாப் வைத்திருந்தவர்கள் குறைவு. கல்யாணத்துக்கு முன்பே தமிழ் டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் செய்தவள் அக்கா. மச்சான் விடுமுறை முடிந்து விமானம் ஏறியதும் பெரம்பலூருக்குப் போய், வீட்டிலிருந்தே கல்யாணப் பத்திரிகை அடித்துத் தருவதாக ஓர் அச்சகத்தில் பேசிவிட்டு வந்தாள். அவளுக்கு வாய்தான் முதல் மூலதனம்.

முதல் பத்திரிகையிலேயே வந்தது வினை. மாப்பிள்ளையின் பெயர், வரவேற்கும் தாய்மாமன்களின் வரிசையில் போய் உட்கார்ந்திருந்தது. "மாப்பிள்ளையவே காணோமேம்மா! இன்னொரு தடவ இப்படி வந்தா வேலையத் திருச்சிக்கே குடுத்துடுவேன்" என்றார் அச்சகக்காரர். அன்று அக்கா சரியாகச் சாப்பிடவில்லை. அடிக்கும்போதே கர்சர் தானாக வேறு வரிக்குத் தாவுகிறது என்று அவள் சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வைரஸ் என்றார்கள். வளையல்தான் இடிக்கிறது என்றார் அவளுடைய மாமியார். ஆனால் கழற்றவும் விடவில்லை. மச்சான் போனில், "வேற வாங்கி அனுப்புறேன்" என்றார்.

"மெஷின் நல்லாத்தான் இருக்கு. எனக்கும் ஒண்ணும் கொறச்சல் இல்ல" என்று போனை வைத்தாள் அக்கா.

பிறகு என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, "நீ எழுத்தப் பாக்காத, என் கையப் பாரு" என்றாள். டைப்ரைட்டரில் பழகிய கை ஓங்கித்தான் அடிக்கும். இடைவெளிக் கட்டையைத் தட்டிய பெருவிரல் கீழே சரிந்து டச்பேடில் பட்டபோதெல்லாம் கர்சர் தாவியது. டைப்ரைட்டரில் அந்த இடத்தில் வெறும் மேசைதானே இருக்கும்! அக்கா கெட்டியான பத்திரிகை அட்டையை மடித்து டச்பேடின் மேல் ஒட்டினாள். தனியாக ஒரு மவுஸ் வாங்கினாள். டச்பேடை அணைத்து வைக்கும் வழியையும் செட்டிங்கில் தானே தேடிப் பிடித்தாள். இன்று என் ஆபீஸ் லேப்டாப் தெரியாமல் படும் கை எது, வேண்டுமென்றே தொடும் விரல் எது என்று தானாகவே தெரிந்துகொள்கிறது. எனக்கென்னவோ அதை இவள்தான் முதலில் கண்டுபிடித்தாள் என்று தோன்றும்.

அடுத்த பத்திரிகையை அச்சகக்காரர் இரண்டு முறை படித்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். "எம் பொண்ணு கல்யாணம். நீங்களே அடிச்சுக் குடுங்க."

"வெள்ளிக்கெழமதான் ஆவுங்க. கையில வேல நெறைய கெடக்கு" என்றாள் அக்கா.

கையில் ஒரு வேலையும் இல்லை. பக்கத்தில் நின்ற எனக்குப் பெருமை தாங்கவில்லை.