உயிரோடிருந்தவருக்கு நான் சொன்ன செபம்

பிள்ளைகளே, சாயங்காலச் செபத்தில் நீங்கள் பராக்குப் பார்த்தால் தொடையில் கிள்ளுகிறேன் அல்லவா? கிள்ளுகிறவன் செய்ததையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். நான் அதிகம் படித்தவனில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காரைக்காலில் பிரெஞ்சுக் கொடி இறங்கி இந்தியக் கொடி ஏறி ஒரு வருஷம் இருக்கும். பிரான்சுக்குத் திரும்பிய அதிகாரி ஒருவர் தம் சைக்கிளை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார். பச்சை வர்ணம், பழுப்புத் தோல் சீட்டு. அந்தத் தோலைத் தினமும் எண்ணெய் தொட்டுத் துடைப்பேன். கோயிலில் பூசை நடக்கும்போதுகூட, வெளியே சுவரோரம் சாத்திவைத்த சைக்கிள்தான் என் கண்ணுக்குள் இருக்கும்.

உங்கள் அம்மாவின் சித்தப்பாவை ஊரில் சொல்தா என்பார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்சனோடு வந்தவர். எனக்கு மாமா முறை. சண்டைக்குப் பயப்படாத அந்த மனிதர், ஐப்பசியில் உடம்பெல்லாம் நீர்கோத்துப் படுத்தபின் சாவுக்குப் பயந்தார். என்னைக் கூப்பிட்டனுப்பினார். செபமாலையைத் தடங்கலில்லாமல், வேகமாக முன்சொல்வதில் எனக்குப் பேர் உண்டு. சாவு வீடுகளில் எல்லாம் நான்தான்.

"மாப்புள, வேகமா வேணாங்க. மனசு அங்கயும் இங்கயும் ஓடுது, பயமா இருக்கு. நீங்க சொல்றதப் புடிச்சுக்கிட்டேதான் நான் சாமிகிட்ட போகணும்" என்றார்.

"சரிங்க மாமா" என்றேன்.

செபமாலையின் முதல் பத்து மணி ஒழுங்காகப் போயிற்று. இரண்டாவதில் வெளியே தூறல் விழும் சத்தம் கேட்டது. வெளியே நிறுத்திய சைக்கிளின் சீட்டு நனைகிறதே என்று நினைத்தேன். தோல் உப்பிவிடுமே, எழுந்து போனால் என்ன நினைப்பார்கள், தாழ்வாரம் வரை நகர்த்தி வைத்திருக்கலாமே என்று மனம் சைக்கிளையே சுற்றியது. வாய் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. பத்து மணி முடிந்ததும் பிதா, சுதன், பரிசுத்த ஆவிக்குத் துதி சொல்ல வேண்டும். சாவு வீட்டில் மட்டும் அதற்குப் பதிலாக, இறந்தவரின் ஆன்மா இளைப்பாற வேண்டிக்கொள்வோம். பழகிப்போன என் நாக்கு அந்தச் சாவு வீட்டுச் செபத்தைச் சொல்லிவிட்டது. சுற்றியிருந்தவர்களும் பழக்கத்தில் பதில் சொன்னார்கள். மாமாவின் மனைவி, என் அத்தைகூடச் சொன்னார்.

கட்டிலிலிருந்து குரல் வந்தது. "மாப்புள, நான் இன்னும் கெளம்பலீங்களே."

இரண்டொருவர் சிரித்துவிட்டார்கள். அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். "நீயும்ல சேந்து ஆமென் போட்ட. என்னடி அவசரம் ஒனக்கு?" என்று அவரைக் கேலி செய்த மாமா, பிறகு என் பக்கம் திரும்பினார். "எங்க போயிருந்தீங்க?"

கோபமில்லாமல்தான் கேட்டார்.

"ராத்தூக்கம் இல்ல மாமா. அசத்திருச்சு" என்று பொய் சொன்னேன். கையில் செபமாலை இருந்தது.

"சரி, அந்தப் பத்த மறுபடி சொல்லுங்க. மெதுவா."

"மழ வலுக்குது மாமா, நாளைக்கு வர்றேன்" என்று எழுந்துவிட்டேன். சீட்டைச் சட்டைத் துணியால் துடைத்தபோது நாலைந்து சொட்டுதான் இருந்தது.

மறுநாள் போகவில்லை. அவர் முகத்தைப் பார்க்கக் கூச்சம். அதற்கடுத்த நாளும் போகவில்லை. மூன்றாம் நாள் காலையில் துக்க மணி அடித்தது.

தானாக வருகிற பராக்கு பாவமில்லை என்று பங்குச் சாமியார் சொல்வார். நான் தெரிந்தே அதன் பின்னால் போனேன். அந்த அறையில் மனதை ஆண்டவரிடம் நிறுத்தப் பாடுபட்டவர் மாமா ஒருவர்தான். பிடித்துக்கொள்ள என் வார்த்தையைக் கேட்டார். நான் வெறும் சத்தத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன். இதை உங்கள் அம்மாவிடம்கூட இன்றுவரை சொன்னதில்லை.

அடக்கம் முடிந்து எல்லோரும் கலைந்தபின், கல்லறைத் தோட்டத்துக்கு நடந்தே திரும்பிப் போனேன். ஈர மண்ணில் முழங்காலிட்டு, அவர் கேட்ட பத்து மணியை மெதுவாகச் சொல்லத் தொடங்கினேன். மனம் விலகும்போதெல்லாம் நிறுத்தி, விரலை முதல் மணிக்கே கொண்டுபோனேன். இருட்டும்வரை இருந்தும் நாலாவது மணியைத் தாண்ட முடியவில்லை.