சித்தியின் மடிக்கணினியில் ஒரு கரப்பான்

"முடியாது" என்று யாராவது சொன்னால் என் சித்திக்குப் பசி எடுக்கும். முதலில் வயிறாரச் சாப்பிடுவாள். அப்புறம்தான் சொன்ன ஆளை ஒரு கை பார்ப்பாள்.

பன்னிரண்டு வருஷம் ஒரு துணி கம்பெனியில் எம்பிராய்டரி மெஷினுக்கு நூல் மாற்றிக்கொண்டிருந்தாள். டிசைன் அறைக் கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தே கணினியில் டிசைன் போடக் கற்றுக்கொண்டாள். அங்கே வேலை கேட்டபோது, "உன்னால முடியாதும்மா, நீ நூலைப் பாரு" என்றார் மேற்பார்வையாளர். அன்று சித்தி தன் சாப்பாட்டோடு பக்கத்து மெஷின்காரியின் சாப்பாட்டையும் காலி செய்துவிட்டு வேலையை விட்டாள்.

பழைய மெஷின் ஒன்றும் பழைய மடிக்கணினி ஒன்றும் வாங்கினாள். மெஷினுக்கு முன்னறையைக் கொடுத்துவிட்டோம். மிச்சமிருந்த இடத்தில் அம்மாவும் சித்தியும் நானும் குடியிருக்கிறோம். டிசைன் போடும் மென்பொருள் அந்த மடிக்கணினியில் மட்டும்தான் ஓடும். அதைச் செய்த கம்பெனி எப்போதோ மூடிவிட்டது. அழித்தால் மறுபடி வாங்க முடியாது. அது போனால் சித்தி திரும்பவும் நூல் மாற்றத்தான் போகவேண்டும்.

என்னைப் பற்றி ஒரு வரி போதும். பத்தாம் வகுப்புப் பரீட்சை என்னை இரண்டு தடவை வேண்டாம் என்றது, நானும் வற்புறுத்தவில்லை. பொழுது போகவேண்டுமே என்று ஒரு புதன்கிழமை, நெட்டில் இலவசமாகக் கிடைத்த கரப்பான் புரோகிராம் ஒன்றைச் சித்திக்குத் தெரியாமல் மடிக்கணினியில் ஏற்றினேன். வேலை பார்க்கும்போது திரையில் கரப்பான் ஓடும். அலறுவாள் என்று கதவுக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன்.

சித்தி நூல் வெட்டும் கத்தரியால் திரையை ஒரு தட்டுத் தட்டினாள். "ஆறு காலும் ஒரே நீளம். இதை வரைஞ்சவன் கரப்பானைக் கண்ணால பார்த்ததே இல்ல" என்றாள். அவ்வளவுதான்.

சனிக்கிழமை காலை மடிக்கணினி எழுந்திருக்கவில்லை. ஒரு சிஸ்டம் ஃபைல் கெட்டுவிட்டது என்று நீலத் திரையில் எழுதிக் காட்டிவிட்டு, அணைந்து, மறுபடி அதையே காட்டியது. ஒரு பள்ளிக்கூடத்துக்குத் திங்கள் காலை அறுபது பேட்ஜ் தரவேண்டும். டிசைன் பாதியில் நிற்கிறது. தராவிட்டால் அந்த வேலை பழைய கம்பெனிக்கே போய்விடும்.

கணினி ரிப்பேர் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனோம்.

"வைரஸ்க்கா. சிஸ்டம் ஃபைலைத் தின்னுடுச்சு. எல்லாத்தையும் அழிச்சு ஃபார்மட் அடிச்சிடலாம்" என்றார் கடைக்காரர்.

"என் டிசைன் மென்பொருள்?"

"அது போயிடும். டிசைனை எல்லாம் பத்திரமா எடுத்துத் தந்துடறேன்."

"சாவியைத் தொலைச்சிட்டுப் பூட்டைப் பத்திரமாத் தர்றியா தம்பி? அந்த ஒரு ஃபைலை மட்டும் சரிபண்ண முடியாதா?"

"வைரஸ் பூந்த மெஷின்க்கா. முடியாது."

போச்சு, சொல்லிவிட்டார். சித்தி அவரிடம் அதே விண்டோஸ் பதிப்பு இருக்கும் பென்டிரைவை இரவல் கேட்டாள். "திங்கக்கிழமை நீங்களே மெஷினைத் தூக்கிட்டு வருவீங்க" என்று சிரித்துக்கொண்டே கொடுத்தார். வீட்டுக்கு வந்தோம். எனக்கு அன்று மதியம் சட்டியைச் சுரண்டித்தான் கிடைத்தது.

ஞாயிறு காலை உட்கார்ந்தோம். "ஒரே ஒரு ஃபைல்தானே சித்தி, நெட்ல தனியாவே கிடைக்குது. இறக்கிடவா?" என்றேன்.

"ஊர் பேர் தெரியாத கடையில நான் என்னைக்காவது நூல் வாங்கியிருக்கேனா?"

நான் கரப்பானை வாங்கியது அப்படிப்பட்ட கடையில்தான்.

"துணியில நூல் அறுந்தா துணியையா தூக்கிப் போடறோம்? பத்துத் தையல் பின்னாடி போய், அதே சாயத்து நூலை வெச்சு மேலேயே தைச்சிட்டு வர்றோம். இதுவும் அப்படித்தான். நீ டைப் அடி, நான் சொல்றேன்."

பென்டிரைவிலிருந்து மடிக்கணினியை எழுப்பினோம். கறுப்புத் திரை வந்தது. சித்தி போனைப் பார்த்துக் கட்டளையை எழுத்து எழுத்தாகச் சொன்னாள், நான் தட்டினேன். வேலை ஓடி முடிந்து திரையில் நூறு சதவீதம் என்று வந்தது. கெட்ட ஃபைல் இருந்த இடத்தில் நல்ல ஃபைல் உட்கார்ந்தது. மடிக்கணினி எழுந்தது. அம்மா அடுப்படியிலிருந்து கைதட்டினாள்.

பத்து நிமிஷம். மறுபடி நீலம். மறுபடி சரிசெய்தோம், மறுபடி நீலம். கடைக்காரர் போனில் கூப்பிட்டார்.

"என்னக்கா, எப்ப கொண்டு வர்றீங்க?"

"பென்டிரைவையா? வேலை முடிஞ்சதும்" என்று வைத்துவிட்டாள்.

போனை எம்பிராய்டரி மெஷின் மேல் வைத்தாள். "ஊசி வளைஞ்சிருக்குடா. வளைஞ்ச ஊசியை வெச்சுக்கிட்டு நூலை மாத்திப் புண்ணியமில்ல. அறுக்கிறவன் உள்ளேயே உட்கார்ந்திருக்கான். முதல்ல அவனை வெளியே இழுக்கணும்."

அதே பென்டிரைவில் வைரஸ் தேடும் புரோகிராமும் இருந்தது. மடிக்கணினியின் சொந்த விண்டோஸைத் தூங்கவிட்டு வெளியிலிருந்தே தேடவேண்டும். அப்போதுதான் வைரஸும் தூங்கும். தேடல் ஓடத் தொடங்கியது. இருபது சதவீதம், முப்பது சதவீதம். எந்தப் பெயர் வந்து நிற்கும் என்று எனக்குத் தெரியும். நாற்பதில் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"சித்தி, அந்தக் கரப்பானை விட்டது நான்தான்."

"வேற யாரு விடுவா? இந்த வீட்டுல வேலையில்லாதவன் நீ ஒருத்தன்தானே."

"தெரியுமா? அப்புறம் ஏன் திட்டல?"

"திட்டினா ஓடிப்போயிடுவ. டைப் அடிக்க ஆள் வேணும்ல?"

இதற்கு ஓர் அறை வாங்கியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். கண்ணில் தூசி விழுந்துவிட்டதாகச் சொல்லிவிட்டு முகம் கழுவப் போனேன்.

திரும்பி வந்தபோது கரப்பான் அகப்பட்டிருந்தது, கூடவே அது கூட்டிவந்த நான்கு பேரும். எல்லோரையும் அழித்தோம். பிறகு ஃபைலைச் சரிசெய்தோம். மடிக்கணினி எழுந்தது. பத்து நிமிஷம் கடந்தது. "அணைச்சுப் போடு" என்றாள். அணைத்துப் போட்டேன், எழுந்தது. "இன்னொரு தடவை." எழுந்தது. டிசைன் மென்பொருளைத் திறந்தாள். பாதி வரைந்த பேட்ஜ் விட்ட இடத்திலேயே காத்திருந்தது. மீதியை வரைந்து முடித்தாள்.

மிச்சப் பகல் முழுக்க மெஷின் தடதடத்தது. சாயங்காலம் அறுபது பேட்ஜையும் எண்ணிக் கட்டிய பிறகும் அது நிற்கவில்லை. போய்ப் பார்த்தேன். மெஷினின் சட்டத்தில் மாட்டியிருந்தது என் சட்டை. அதன் பையில் பழுப்பு நூலில் ஒரு கரப்பான் ஊர்ந்துகொண்டிருந்தது. பின்னங்கால் நீளம், முன்னங்கால் குட்டை, மீசைகூட இருந்தது.

"இதைப் போட்டுக்கிட்டுத்தான் நாளைக்குப் பென்டிரைவைக் கொடுத்துட்டு வரணும்" என்றாள்.

போட்டுக்கொண்டு போனேன். கடைக்காரர் பென்டிரைவைப் பார்த்தார், என் கைகளைப் பார்த்தார், மடிக்கணினி வருகிறதா என்று என் முதுகுக்குப் பின்னால் பார்த்தார்.

"ஃபார்மட் அடிக்காம முடியாதேடா" என்றார்.

"இன்னொரு தடவை அப்படிச் சொல்லாதீங்கண்ணே. சித்தி காதுல விழுந்தா எனக்குச் சாப்பாடு மிஞ்சாது."