அம்சாவின் வாள்வீரன் வழி மாறியது

ஐயம்பேட்டையில் அம்சாவோடு தாயம் ஆடி ஜெயித்ததாகச் சொல்லிக்கொள்கிறவர்கள் இப்போதும் இரண்டு மூன்று பேர் இருக்கிறார்கள். அத்தனையும் பொய். அவள் தோற்றாளென்றால் அது தெரிந்தே தோற்றதுதான். எழுபத்து மூன்றாம் வருஷத்து மழையில் நடந்தது அது.

அம்சாவுக்கு அப்போது முப்பது வயது இருக்கும். கால்வாய்க்கு அந்தப் பக்கம் காலனியில் வீடு. கணவன் வீராசாமி செங்கல் சூளைக்குப் போவான். அவள் கால்வாயைத் தாண்டி கிருஷ்ணவேணி வீட்டுத் தறிக்குத் தார் சுற்ற வருவாள். ராட்டையில் பட்டு நூலைக் குச்சிக்குச் சுற்றிக் கொடுக்கிற வேலைதான், ஆனால் அவள் சுற்றிய தாரில் நூல் அறுந்ததென்று ஒருநாளும் பேச்சு வந்ததில்லை. வாய்தான் கொஞ்சம் நீளம். பதில் சொல்லாமல் விட்டால் அன்றைக்குச் சோறு இறங்காது அவளுக்கு.

ஐப்பசி, கார்த்திகை வந்தால் தறி படுத்துவிடும். பாவு, அதாவது நெடுக்கு நூல், நீட்டத் தெரு காய்ந்திருக்க வேண்டும். பட்டோ ஈரத்தில் பிசுபிசுத்துப் போகும். மழை பெய்யும் பிற்பகல்களில் பெண்கள் தறிவீட்டுத் தரையில் சாக்கட்டியால் கட்டம் போட்டு, பித்தளைத் தாயக்கட்டையை உருட்டுவார்கள். எல்லா வீட்டிலும் நடப்பதுதான். கிருஷ்ணவேணி வீட்டில் மட்டும் அது வேறு ஒன்றாக மாறியது.

மாற்றியவள் கிருஷ்ணவேணியேதான். சும்மா சுற்றி வருவதில் அவளுக்கு அலுப்புத் தட்டிவிட்டது. "இனிமேட்டு காய்னு சொல்லாதீங்க. ஆளுக்கு ஒரு காய். அது ஒரு மனுசன். அவனுக்குப் பேரு வைங்க. இன்னா சத்தியம் பண்ணிக்கினு வூட்ட வுட்டுக் கிளம்பினான், அதையும் சொல்லுங்க" என்றாள். அவள் ஆட மாட்டாள், கதை சொல்வாள். காய் ஒரு கட்டத்தில் போய் நின்றால் அங்கே காடா, ஆறா, கள்ளர் பாளையமா என்பதை அவள் சொல்ல வேண்டும். அங்கே அந்த ஆள் என்ன செய்தான் என்பதை ஆடுகிறவள் சொல்ல வேண்டும். நான்கு கட்டம் நகர்வதற்குள் விளக்கு வைக்கும் நேரம் வந்துவிடும். மழைக்காலம் முடிந்ததும் காய்கள் நின்ற இடத்தைப் பஞ்சாங்கத்தின் பின்னட்டையில் குறித்துவைப்பாள். அடுத்த மழையில் அங்கிருந்து ஆட்டம் தொடரும்.

பழைய தாய விதிகளில் ஒன்றை மட்டும் அவள் இறுக்கமாக வைத்திருந்தாள். எதிராளியை ஒரு முறையாவது வெட்டியவன்தான் தன் பக்கத்து உள்வாசல் வழியாக நுழைந்து வீடு சேரலாம். வெட்டுப்பட்டவன் முதல் கட்டத்துக்குப் போய் மறுபடி தொடங்க வேண்டும். வெட்டே இல்லாதவன் வாசலைப் பார்த்துக்கொண்டே தாண்டிப் போய், இன்னொரு சுற்றுச் சுற்ற வேண்டும். முதலில் வீடு சேருகிறவள், அடுத்த மழை வரை பித்தளைக் கட்டையைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோகலாம்.

அம்சாவின் காய் ராட்டையிலிருந்து கழன்ற ஓர் இரும்புத் துண்டு. அதற்குச் சத்தியராயன் என்று பெயர் வைத்தாள். வாள்வீரன். எளியவனைக் காப்பேன், அநியாயக்காரனைக் கண்டால் வெட்டுவேன், வெட்டாமல் வீடு திரும்பமாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டுக் கிளம்பியவன். குற்றம் சொல்லாமல் அவன் யாரையும் வெட்டக் கூடாதென்பது கிருஷ்ணவேணி போட்ட கட்டு. அம்சாவுக்கு அது ஒரு பாரமா என்ன? நெசவாளி வீட்டு அலமுவின் புளியங்கொட்டையை அவள் மூன்று முறை வெட்டினாள். ஏரிக்கரையை உடைத்தான், பாலில் தண்ணீர் கலந்தான், மாமியாரைப் பட்டினி போட்டான் என்று மூன்று குற்றங்கள். கடைசிக் குற்றத்தைச் சொன்னபோது அலமுவுக்கு நிஜமாகவே முகம் கறுத்துப் போனது. அலமுவும் விடாமல் சத்தியராயனை இரண்டு முறை வெட்டினாள்.

முதல் மழையில் அம்சா தறிவீட்டுப் படிக்குக் கீழேதான் உட்கார்ந்திருந்தாள். அவள் எண் கேட்க, கிருஷ்ணவேணி அவளுக்காக உருட்டி, அவளுக்காகக் காயை நகர்த்துவாள். இரண்டாம் மழையில் ஒருநாள் கட்டை உருண்டு படிக்குக் கீழே விழுந்தது. அம்சா எடுத்தாள். கொடுக்காமல் அங்கிருந்தே உருட்டினாள். பன்னிரண்டு விழுந்தது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் படியேறி வந்து கட்டத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். அதற்கும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அன்று முதல் அவளுக்கு ஒரே ஆசைதான்: அந்தப் பித்தளைக் கட்டை கால்வாயைத் தாண்டித் தன் வீட்டுக்கு வர வேண்டும். மாடத்தைக்கூடத் துடைத்து வைத்திருப்பதாக வீராசாமி கேலி செய்வான்.

மூன்றாவதாக ஆடியவள் பொன்னியம்மாள். பக்கத்து வீடு. அவள் காய் ஒரு வெள்ளைச் சட்டைப் பொத்தான். அதன் பெயர் சபாபதி.

சபாபதி அவளுடைய ஒரே மகன். லாரியில் கிளீனராக வடக்கே போனவன். எழுபதாம் வருஷம் அந்த லாரி வெள்ளத்தில் ஒரு பாலத்திலிருந்து கவிழ்ந்தது, பிள்ளை கிடைக்கவில்லை என்று டிரைவர் தன் கைப்பட ஒரு கார்டு எழுதியிருந்தார். பொன்னியம்மாள் அழவில்லை. கருமாதி என்ற சொல்லை யார் எடுத்தாலும் எழுந்து போய்விடுவாள். "வூடு வந்து சேராதவனுக்கு இன்னாய்யா கருமாதி? வந்துக்கினு இருக்கான்" என்பாள். அவள் கணவன் கலியன் கேட்டுக் கேட்டு ஓய்ந்து போனார்.

ஆட்டத்திலும் அதே கதைதான். "எம்புள்ள யாரையும் வெட்டமாட்டான். வூட்டுக்குப் போவணும், அவ்ளோதான் அவன் சத்தியம்" என்று சொல்லிவிட்டாள். அந்தப் பொத்தானை வெட்ட மற்றவர்களுக்கும் கை வரவில்லை. எண் சரியாக விழுந்தால்கூட அலமு வேறு பக்கம் பார்ப்பாள். வெட்டு இல்லாததால் சபாபதி வாசலுக்கு வருவான், தாண்டிப் போவான், மறுபடி சுற்றுவான். மழைக்கு ஒரு சுற்று, மூன்று மழைக்கு மூன்று சுற்று. ஒவ்வொரு கட்டத்திலும் அவன் என்ன சாப்பிட்டான், எங்கே படுத்தான் என்று பொன்னியம்மாள் சொல்லிக்கொண்டே போவாள். அவள் வாய் திறந்து பேசியது அந்தத் தறிவீட்டில் மட்டும்தான். அதனால் எல்லாரும் கேட்டார்கள்.

எழுபத்து மூன்று கார்த்திகையில் சத்தியராயன் தன் உள்வாசலுக்கு நான்கு கட்டம் முன்னால் நின்றான். அலமு பாதி தூரத்தில் இருந்தாள். கட்டை காலனிக்குப் போகப்போவது உறுதி என்று கிருஷ்ணவேணிக்கே தெரியும். அன்றைக்குச் சபாபதி மூன்றாம் முறையாகத் தன் பக்கத்து வாசலுக்கு வந்து, தாண்டி, சத்தியராயனுக்குப் பக்கத்துக் கட்டத்தில் நின்றான்.

"இங்க ஒரு சத்திரம்" என்றாள் கிருஷ்ணவேணி.

"கெட்டியா கஞ்சி ஊத்துனாங்க. குடிச்சிட்டுக் கிளம்பிட்டான்" என்றாள் பொன்னியம்மாள்.

அம்சா கட்டையைக் கையில் எடுத்தாள். உருட்டவில்லை. பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, மூணு வருசமா நடந்துக்கினே இருக்கானே, அந்தப் புள்ளைக்குக் கால் வலிக்காதா?"

 பொன்னியம்மாள் புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு தலையைக் குனிந்தாள். அவளைக் காயப்படுத்திவிட்டாள் என்று அலமுவுக்குக் கோபம் வந்தது. அம்சா அதைக் கவனிக்கவில்லை. அவள் கிருஷ்ணவேணியிடம் திரும்பினாள்.

"சத்தியராயன் சத்தியத்த மாத்திக்கிறான்."

"இன்னாடி சொல்ற?"

"வாளக் கீழ வெச்சிடறான். அவன் போட்ட வெட்ட இந்தப் புள்ளைக்குக் குடுத்துடறான். அத்த வெச்சிக்கினு புள்ள வூட்டுக்குள்ள போவட்டும்."

"அது எப்படி முடியும்? சத்தியம் பண்ணா பண்ணதுதானே? வாள வுட்டா அவன் சத்தியராயனே இல்லியே."

அம்சாவுக்கு வாய் நீளம் என்று சொன்னேனே, அன்றைக்கு அது பயன்பட்டது. "அவன் யாருக்காகச் சத்தியம் பண்ணான்? எளியவனக் காப்பாத்தறதுக்கு. வெட்டறது அதுக்கு ஒரு வழி, அவ்ளோதான். பக்கத்துல ஒருத்தன் வூடு சேர முடியாம நிக்கிறான், இவன் மட்டும் வாளத் தூக்கிக்கினு உள்ள போய்ப் படுத்துக்குவானா? அப்படிப் போனாத்தான் சத்தியம் கெடும்" என்றாள்.

கிருஷ்ணவேணி கதை சொல்கிறவளாயிற்றே, சும்மா விட்டுவிட மாட்டாள். ஒப்புக்கொண்டாள், ஆனால் விலை வைத்தாள். வாளை விட்டவன் இனி யாரையும் வெட்ட முடியாது. அதனால் அவன் ஒருநாளும் வீடு சேர முடியாது. வழியில் நடக்கிறவர்களுக்குத் துணையாக வெளியே சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அதோடு, அவன் மனம் மாறியது மெய்தானா என்று கட்டை சொல்ல வேண்டும். தாயம் விழுந்தால்தான் மாற்றம் செல்லும். விழும் வரை அவன் ஒரு கட்டம்கூட நகரக் கூடாது.

"சரி" என்றாள் அம்சா.

அவள் சரி என்று சொன்னபோது மாடத்தை நினைத்திருப்பாள். நினைக்காமல் இருக்க அவள் என்ன கல்லா?

அன்று மூன்று விழுந்தது. மறுநாள் பன்னிரண்டு விழுந்தது. வேறொரு நாளாக இருந்தால் கூத்தாடியிருப்பாள். நடுவில் இரண்டு நாள் வெயில் அடித்து, பாவு போட்டார்கள். பிறகு மறுபடி மழை. அலமு நெருங்கி நெருங்கி சத்தியராயனைத் தாண்டியே போய்விட்டாள். "போதும்டி, பழையபடி ஆடு. யாரும் ஒண்ணும் சொல்லமாட்டோம்" என்று கடைசியில் அவளே இரங்கிச் சொன்னாள். அம்சா முடியாதென்று மண்டையை ஆட்டிவிட்டு உருட்டினாள். ஆறாம் நாள் தாயம் விழுந்தது.

அவள் இரும்புத் துண்டைத் தூக்கிப் பொத்தான்மேல் ஒரு தட்டுத் தட்டினாள். "போப்பா" என்றாள்.

உள்வாசலுக்குப் போய்ச் சேரச் சபாபதி இன்னொரு முறை சுற்ற வேண்டுமா என்று அலமு கேட்டாள். கிருஷ்ணவேணி ஒரே முறைப்பில் அவளை அடக்கினாள். "மூணு சுத்து சுத்துனவனுக்கு வாசல் தானா எதிர்ல வந்துச்சு" என்று கதையிலேயே சொல்லிவிட்டு, பொத்தானை எடுத்து வாசலில் வைத்தாள். மூன்று விழுந்தால் வீடு.

பொன்னியம்மாள் கட்டையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். உருட்டவில்லை.  தாழ்வாரத்தில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"வுடும்மா" என்றாள் அம்சா. "புள்ள வாசல்ல நனைஞ்சிக்கினு நிக்கிறான்."

பொன்னியம்மாள் உருட்டினாள். இரண்டு. அடுத்த சுற்றில் ஐந்து. அதற்கு அடுத்ததில் மூன்று.

யாரும் காயைத் தொடவில்லை. அவளே ஒவ்வொரு கட்டமாக நகர்த்தினாள். நடுக்கட்டத்தில் வைத்தாள். பிறகு அதை எடுத்து உள்ளங்கையில் மூடி மார்போடு வைத்துக்கொண்டு, "வந்துட்டியாடா, வந்துட்டியாடா" என்று அழ ஆரம்பித்தாள். மூன்று வருஷத்து அழுகை. தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். கலியன் ஓடிவந்தார். அவர் வாசலில் நிற்பதைப் பார்த்து அவள் சொன்னாள்: "புள்ள வூட்டுக்கு வந்துட்டான்யா. நீ போயி நாள் பாரு. வந்தவன ஒழுங்கா அனுப்பி வெக்கலாம்."

ஆட்ட விதிப்படி பித்தளைக் கட்டை அந்த வருஷம் பொன்னியம்மாள் வீட்டுக்குப் போனது. அம்சா தார் சுற்ற வந்தாள், போனாள். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவளைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய காரியமென்று தெரியும். சத்தியராயனை அடுத்தடுத்த மழைகளிலும் அவள் விடவில்லை. அவன் வாளில்லாமல் சுற்றினான். அலமுவிடம் வெட்டுப்பட்டான். மறுபடி தாயம் போட்டுக் கிளம்பினான்.

அந்தக் கார்த்திகையில், கலியன் நாள் பார்த்து வந்த மறுநாள் காலை பொன்னியம்மாள் கால்வாயைத் தாண்டினாள். இருபத்தெட்டு வருஷம் அந்த ஊரில் வாழ்ந்தவள், அந்தப் பக்கம் போனது அதுதான் முதல் தடவை. வழி கேட்டுக் கேட்டு அம்சாவின் வீட்டுக்குப் போய், குனிந்து உள்ளே நுழைந்து, பாயை விரிப்பதற்குள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அம்சா பதறிப்போய் நின்றாள்.

"வியாழக்கிழமை சபாபதிக்குக் கருமாதி. நீ வரணும்."

"நான் எங்கம்மா அங்க வந்து... உங்க சனமெல்லாம் இருப்பாங்க."

"சனம் இருந்தா இருக்கட்டும்" என்றாள் பொன்னியம்மாள். "அவன வூட்டுக்குக் கூட்டியாந்தது நீதானடி. நீ இல்லாம நான் எப்படி அவன அனுப்புவேன்?"