பந்தலில் கேட்காத குரல்

அம்மாவின் தைராய்டு அறுவை சிகிச்சைக்கு முன்பே மருத்துவர் எச்சரித்தார்: குரல் நரம்பு பக்கத்திலேயே ஓடுகிறது, எதுவும் நடக்கலாம். அதனால் ஆயர் ஈத்தாமில் எங்கள் ஃபிளாட்டின் படுக்கையறையில், ஜன்னலை மெத்தையால் அடைத்து, ஒற்றை மைக்கில் அம்மாவின் பாட்டைப் பதிவு செய்தேன். தைப்பூசத்தின்போது தண்ணீர்ப் பந்தலில் தன் பஜனைக் குழுவோடு அவர் பாடும் முருகன் பாட்டு அது. மெட்டும் அவருடையதுதான். மருத்துவர் பயந்தபடியே ஆயிற்று. அறுவை சிகிச்சைக்குப் பின் அம்மாவிடம் மிஞ்சியது மூச்சு கலந்த கிசுகிசுப்பு மட்டும்.

குழுப் பெண்கள் அந்தப் பதிவைப் பந்தலில் போடக் கேட்டார்கள். அம்மா சரியென்று தலையசைத்தார். அங்கே அது கேட்காமல் போனால் இனி அவர் பந்தல் பக்கமே வர மாட்டார் என்று எனக்குத் தெரிந்தது.

நான் தொழிற்சாலையில் மின்சுற்றுகளைச் சோதிப்பவள். எதையும் வரிசைப்படுத்திக்கொண்டுதான் தொடங்குவேன். முதலில் இடம். குழுப் பெண்கள் பிறகு தனித்தனியே வாசித்துத் தந்ததை எடுத்து, பந்தலில் உட்காரும் விதத்திலேயே ஹார்மோனியத்தை இடக்கோடியிலும், டோலக்கையும் தாளத்தையும் வலக்கோடியிலும், அம்மாவை நடுவிலும் வைத்தேன். பிறகு சத்த அளவு. பிறகு எதிரொலி. எல்லாம் முடிந்தும் நடுவில் அம்மா சிறுத்துப்போய் இருந்தார். என்னால் தாங்க முடியவில்லை. குரலை நகலெடுத்து, ஒன்றை முழுக்க இடப்பக்கமும் மற்றதை முழுக்க வலப்பக்கமும் தள்ளி, வலப்பக்க அலையைத் தலைகீழாகத் திருப்பினேன். ஹெட்ஃபோனில் குரல் சட்டென்று தலைக்கு வெளியே விரிந்தது. அறை முழுக்க அம்மா.

இப்படித் திருப்பிய அலையும் திருப்பாத அலையும் ஒன்றாகச் சேர்ந்தால் இரண்டும் அழிந்துவிடும். வேலையில் தினமும் பார்க்கிற விஷயம். ஒரே ஒரு ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். ஆனால் அடுத்த அறையில் அம்மா இருந்தார். தன் பழைய குரல் காதில் விழுந்தால் எழுந்து வெளியே போய்விடுவார். எங்கள் வீட்டில் அந்தக் குரல் ஹெட்ஃபோனை விட்டு வெளியே வந்ததே இல்லை.

தைப்பூசத்தன்று காலை, பந்தலில் ஒலிபெருக்கி வைத்திருந்த அண்ணன் என் கைப்பேசியை வாங்கி, சிவப்பும் வெள்ளையுமான இரண்டு வயர்களில் மாட்டினார். ஹார்மோனியம் வந்தது. டோலக் வந்தது. அம்மா எடுக்க வேண்டிய இடத்தில் நான் திருப்பாமல் விட்ட எதிரொலி மட்டும், யாரோ தூரத்துக் குளியலறையில் பாடுவதுபோல் மிதந்தது.

“என்னா பிள்ள, கராவோக்கே போட்டுட்டியா?” என்று டோலக் அக்கா சிரித்தார். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கினார்.

அம்மா மோர் அகப்பையைப் பிடித்தபடி நின்றார். “நான் எங்கடி?” அந்தச் சத்தத்தில் உதட்டசைவுதான் தெரிந்தது.

நான் ஒலிபெருக்கிக்காரரிடம் ஓடினேன். “அண்ணே, ரெண்டு பக்கத்தையும் ஒண்ணா சேத்தா விடுறீங்க?”

“ஆமாலா. ரோட்டுக்கு என்னா ஸ்டீரியோ? காவடி பாக்க வர்றவன் நடுவுலயா வந்து நிப்பான்?”

கைப்பேசியில் இருந்தது எல்லாம் கலந்து முடித்த பாட்டு. பிரித்த தடங்கள் வீட்டுக் கணினியில். சாலையெல்லாம் அடைத்திருந்தார்கள். பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது, அம்மா இல்லாமல்.

“செவப்பு வயரக் கழட்டுங்கண்ணே.”

“கழட்டுனா வலது பக்கம் பூரா போயிரும்.”

“போகட்டும்! கழட்டுங்க!”

கத்தியது நான்தான். ஒரு கரகரப்பு. டோலக்கும் தாளமும் அறுந்துபோயின. சாலை நெடுக எல்லா ஒலிபெருக்கியிலும் அம்மாவின் குரல் வந்தது. விரிவெல்லாம் போய், ஒற்றை மைக்கில் பதிந்தபடியே, மெத்தை வைத்து அடைத்த அறையின் மூச்சோடு.

டோலக் அக்கா தன் டோலக்கை மடியில் இழுத்து வைத்து, காணாமல் போன தாளத்தைப் பிடித்துக்கொண்டார். மற்ற பெண்கள் கை தட்டினார்கள். அம்மா விலகிப் போய்விடவில்லை. அகப்பையைப் பானைக்குள் விட்டுவிட்டு, பெண்களுக்கு நடுவே தன் வழக்கமான இடத்தில் போய் உட்கார்ந்தார்.

பல்லவி திரும்பியபோது அவரும் வாயைத் திறந்தார். கழுத்து நரம்பு புடைத்தது. குனிந்து அவர் வாயருகே காதை வைத்தேன். காற்றுதான் வந்தது. அவர் நிறுத்தவில்லை.